ஜெராக்ஸ் கடை வழியா வந்தவங்க

தலைக்கனமா? எங்க அப்பாவுக்கா? எங்க, இன்னொரு மட்டம் சொல்லுங்க அண்ணாச்சி. சத்தமாவே சொல்லுங்க. முன் சீட்டுல அந்த அக்கா ரொம்ப நேரமா காதைத் தீட்டிக்கிட்டு வாராவ, அவங்களுக்கும் சேத்துக் கேக்கட்டும்.

இல்ல, நான் சண்டைக்கு வரல. யாரு வந்தது? திருநேலி ஜங்ஷன்ல ஏறி நான் பாட்டுக்கு ஜன்னலோரம் செவனேன்னு உக்காந்திருந்தேன். நீங்க டவுண்ல ஏறுனீங்க. இத்தனை சீட்டு காலியாக் கெடக்கு. எனக்கு நேரா அந்தப் பக்கம் துண்டைப் போட்டு உக்காந்து, "நீ கோட்டி டாக்டரு மவதானம்மா"ன்னு ஆரம்பிச்சது யாரு, நானா? வியாபாரிங்க சங்கத்துச் செயலாளரு நீங்க. பஜார்ல பெரிய பாத்திரக்கடை. தளவாய் அண்ணாச்சின்னா ஊரே எந்திரிச்சி நிக்கும். செத்துப்போன மனுசனுக்கு ஒரு பேரு இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? டாக்டர் குற்றாலிங்கம். எம்.பி.பி.எஸ்., எம்.டி. மனநல மருத்துவர். வாய்க்குள்ள நுழையலன்னா டாக்டர்னு மட்டும் சொல்லுங்க. கோட்டி, பைத்தியங்கற வார்த்தை இந்த பஸ்ஸுல இனிமே வரப்பிடாது, சொல்லிட்டேன்.

ஆமா, லா படிக்கேன். அதனாலதான் இந்த வாயான்னு கேக்கீங்களா? இந்த வாயாலதான் லா கெடச்சது.

சரி, நீங்க சொன்னதுக்கே வாரேன். ஒண்ணொண்ணா வாரேன். "ஊர்ல ஒரு நல்லது கெட்டதுக்கு வந்திருப்பாரா? ரோட்டுல பாத்தா ஒரு சிரிப்பு உண்டா? அப்படிப்பட்டவருக்கு யாரு வருவா? வரல வரலன்னு நீ ஏன் ஊரை ஏசிக்கிட்டுத் திரியுத?" இதான கேட்டீங்க? பொறவு, "ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்துல வந்து நின்னு கத்தாத, பொட்டப்பிள்ள"ன்னீங்க. அதுக்குக் கடைசியில வாரேன்.

எங்க அப்பா யாரையும் பாத்து மொதல்ல சிரிக்க மாட்டாவ. உண்மைதான். அது திமிர் இல்ல அண்ணாச்சி, அது தொழில். நீங்க பாத்திரக்கடை வச்சிருக்கீங்க. உங்ககிட்ட குடம் வாங்குன பொம்பளைய பஸ் ஸ்டாண்டுல பாத்தா, "என்னம்மா, குடம் ஒழுகாம இருக்கா"ன்னு கேப்பீங்க. அவளும் "இருக்கு அண்ணாச்சி"ன்னுட்டுப் போவா. எங்க அப்பா என்னத்தக் கேக்க? "என்னம்மா, இப்பமும் காதுக்குள்ள யாரோ ஏசுதது கேக்குதா"ன்னா? கேக்கக்கூட வேண்டாம். சும்மா தலைய ஆட்டுனாப் போதும். பக்கத்துல நிக்க மாமியாக்காரி, "இந்த டாக்டர உனக்கு எப்படிட்டி தெரியும்"பா. அந்தப் பிள்ளை சோலி முடிஞ்சது.

அதனால ரோட்டுல இறங்குனா எங்க அப்பா தரையப் பாத்துத்தான் நடப்பாவ. அவங்களா வந்து வணக்கம் சொன்னா, இவங்க வணக்கம் சொல்லுவாவ. அவங்க சொல்லலன்னா, அப்படி ஒரு ஆளே அங்கன இல்ல. காலையில ஒரு மணி நேரம் எதுக்க உக்காந்து அழுதுட்டுப் போனவன், சாயங்காலம் காய்கறிக் கடையில தோளு ஒரசிக்கிட்டு நிப்பான். எங்க அப்பா கத்திரிக்காய மட்டும் பாப்பாவ. உங்க ஊரு அதுக்கு வச்ச பேரு தலைக்கனம்.

நல்லது கெட்டதுக்கு வரலன்னீங்களா? போய்க்கிட்டுத்தான் இருந்தாவ. நான் எட்டாவது படிக்கும்போது ஒரு கல்யாண வீடு. பந்தியில உக்காந்தாச்சு. எலையில எல்லாம் வச்சாச்சு. எதுத்த வரிசையில மாப்பிள்ளை வீட்டு ஆளு ஒருத்தரு, பட்டு வேட்டி, கழுத்துல சங்கிலி. எங்க அப்பாவ நிமிந்து பாத்தாரு. அவ்வளவுதான். சோத்துல ஊத்துன சாம்பாரு ஊத்துனபடி இருக்க, எந்திரிச்சி வெளிய போயிட்டாரு. எல்லாரும் என்ன ஏதுன்னு கேக்காங்க. எங்க அப்பாவும் எலைய மூடிட்டு எந்திரிச்சிட்டாவ. எனக்கு பாயசம் வரலையேன்னு அழுகை. வர்ற வழியெல்லாம் ஸ்கூட்டர்ல அழுதுக்கிட்டே வாரேன். "நாம இருந்தா அவரு வந்து சாப்பிட மாட்டாரும்மா"ன்னு மட்டும் சொன்னாவ. அதுக்குப் பொறவு எந்தப் பந்தியிலயும் அப்பா உக்காரல. அம்மாவ மட்டும் அனுப்புவாவ. ஊர்க்காரன் கல்யாணத்துல ஊர்க்காரன் வயிறு நெறைய திங்கணும்னு இவங்க வீட்டுல உக்காந்திருந்தாவ. நீங்க அதையும் குத்தமா எழுதி வச்சிருக்கீங்க.

வேண்டாம். கடலை வேண்டாம். நீங்க சாப்பிடுங்க. கடலையக் குடுத்து வாய அடைக்கலாம்னு பாக்காதீங்க.

இந்தப் படிப்ப யாரு படிக்கச் சொன்னாங்கிறீங்களா? எங்க தாத்தாவும் அதத்தான் கேட்டாராம். மெட்ராஸ்ல மேல்படிப்பு. கூட இருந்தவனெல்லாம் எலும்பு, இருதயம், கண்ணுன்னு போயிட்டானுவ. அப்பா எடுத்த மார்க்குக்கு எது வேணும்னாலும் கெடச்சிருக்கும். இவங்க மனநலம்னு எழுதிக் குடுத்துட்டு வந்தாவ. தாத்தா சாகுத வரைக்கும் சொந்தக்காரங்ககிட்ட "மவன் நரம்பு டாக்டரு"ன்னேதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. நான் ஒரு தடவை கேட்டேன், ஏன்ப்பா இதப் போய் எடுத்தீங்கன்னு. "மத்த வார்டுல ஸ்கேன் பேசும், ரத்தம் பேசும். இங்கன மனுசன் பேசணும், நாம கேக்கணும். எனக்குக் கேக்கத்தான் தெரியும்"னாவ. என்ன பதிலு இது? எனக்குக் கோவம் வந்துட்டு. கூடப் படிச்சவனெல்லாம் திருநேலியில நாலு மாடி கட்டி வச்சிருக்கான்.

ஊருக்கு வந்து உங்க சங்கக் கட்டடத்துல கீழ கிளினிக், மாடியில வீடு. பெரிய எழுத்துல "மனநல மருத்துவர்"னு போர்டு வச்சாவ. ஒருத்தன் வரல. வந்தவன் எல்லாம் நாய்க்கடிக்கு ஊசி உண்டாங்கிறான், இல்லன்னா பல் டாக்டர் வீடு எதுன்னு கேக்கான். ஊர்ல அப்படி ஒரு மனசும் நோகலையாம். அம்மா சொல்லுவா, அப்பா காலையில சட்டைய மடிப்புக் கலையாமப் போட்டுக்கிட்டுப் போயி, அதே மடிப்போட திரும்பி வருவாவளாம்.

பொறவு எப்படி வந்தாங்கன்னு தெரியுமா? பக்கத்துல எஸ்தர் அக்கா ஜெராக்ஸ் கடை இருக்குல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கதவு. மீட்டர் பெட்டி பாக்கதுக்கு வச்ச கதவு. ஒரு நாளு ஒரு பொம்பள ரேஷன் கார்டோட ஜெராக்ஸுக்கு வந்து நின்னுருக்கா. எஸ்தர் அக்கா "எத்தனை காப்பி"ன்னு கேட்டிருக்கா. அந்தம்மா அந்தக் கதவையே பாத்திருக்கு. எஸ்தர் அக்காவுக்கு வெளங்கிட்டு. கதவத் தொறந்து விட்டுட்டா. அன்னையில இருந்து அதான் வழி. "எத்தனை காப்பி"ன்னா, "ஒண்ணு"ன்னு சொன்னா ஜெராக்ஸ். "பொறவு சொல்லுதேன்"னு சொன்னா கதவு.

அண்ணாச்சி, நம்ம ஊர்ல அந்த ஜெராக்ஸ் கடைக்கு நிக்க கூட்டம் தாலுகா ஆபீஸ் வாசல்ல கூட நிக்காது. ஒரே ரேஷன் கார்டத் தூக்கிக்கிட்டு மாசா மாசம் வருவாங்க. அந்தக் கார்டுக்கு எத்தனை காப்பிதான் எடுப்பாங்கன்னு யாராவது கேட்டீங்களா? கேக்க மாட்டீங்க. ஏன்னா எல்லார் வீட்டுக் கார்டும் அங்கன வந்திருக்கு.

யாரு யாருன்னு எனக்குத் தெரியாது. அப்பா செத்தாலும் சொல்ல மாட்டாவ. செத்தும் சொல்லல. மாடியில எங்களுக்குச் சத்தம் மட்டும்தான் வரும். வார்த்தை வராது. அழுகை கேக்கும், இருமல் கேக்கும். சிரிப்பும் கேக்கும், அது உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். பாதி நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அப்பா அந்தப் பக்கம் உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காவன்னு அர்த்தம்.

ஒருத்தர மட்டும் நான் கண்ணால பாத்தேன். அவங்களுக்கு ஜெராக்ஸ் கடை வழியெல்லாம் தெரியாது. நேரா முன்வாசல்ல வந்தாங்க. பக்கத்துப் பட்டிக்காடு. ஒரு பெரியவரு, கூட வாலிப வயசு மவன். மவன் கால்ல சைக்கிள் செயின் போட்டு, பூட்டு போட்டு, நுனியத் தன் கையில சுத்திப் புடிச்சிருந்தாரு. நான் மாடியில நின்னு பாக்கேன். அப்பா வெளிய வந்து, மொதல்ல அந்தப் பூட்டத் தொறக்கச் சொன்னாவ. "ஓடிருவான் ஐயா"ன்னாரு பெரியவரு. "ஓடட்டும், நானும் ஓடுதேன்"னாவ. ஓடல. மாசம் ஒரு ஊசி, தெனம் மாத்திரை. அந்த வருசக் கடைசியில ரெண்டு பேரும் படியில இறங்குதாங்க. பெரியவருக்குக் கண்ணு மங்கிட்டு போல. மவன் அவரு கையப் புடிச்சி, "படி இருக்கு, படி இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே இறக்கிக் கூட்டிட்டுப் போறான். இத்தனைக்கும் கீழ நின்ன உங்க சங்கத்து ஆளு ஒருத்தன், "கோட்டி போகுது பாரு"ன்னு சிரிச்சான். நான் மாடியில இருந்து வாளித் தண்ணிய எடுத்து ஊத்திட்டேன். அப்பா என்னைய ஏசுனாவ. அவன ஏசல, என்னைய ஏசுனாவ.

அப்பா செத்தப்போ என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் பேசுதீங்களா?

காலையில குளிச்சிட்டு வந்து உக்காந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாவ. இருதயம். அடுத்த நாளு எடுத்தோம். நெறைய பேரு வருவாங்கன்னு நான்தான் நாற்காலி ஜாஸ்தியா எடுக்கச் சொன்னேன். எத்தனை வருசம், எத்தனை பேரு. வராம எங்க போவாங்க? பந்தல்காரன் கொண்டாந்து அடுக்குனது அடுக்குனபடி கெடந்துச்சு. சொந்தக்காரங்க வந்தாங்க. தூத்துக்குடியில இருந்து டாக்டர் பெனிட்டா வந்தாவ, அவங்களும் மனநல மருத்துவர்தான், அப்பாகிட்ட வேலை படிச்சவங்க. உங்க சங்கத்துல இருந்து ஒரு மாலை வந்துச்சு. ஆளு வரல.

அன்னைக்கு மாசாந்திரப் பராமரிப்புன்னு ஊர் முழுக்கக் காலையில இருந்து கரண்டு கெடையாது. ஐஸ் பெட்டிக்கு ஜெனரேட்டர் புடிச்சி வச்சிருந்தோம். எஸ்தர் அக்கா ஷட்டர முழுசாத் தொறந்து வச்சிருக்கா. கடைக்குள்ள நிக்க எடமில்ல. வெளியில படி வரைக்கும் ஆளு. ஆளுக்கொரு ரேஷன் கார்டு கையில. ஆதார் கார்டு கையில. கரண்டே இல்லாத அன்னைக்கு என்னத்த ஜெராக்ஸ் எடுக்கப் போறாங்க? பாக்கவே எனக்கு அப்படி எரிஞ்சது. எங்க அப்பாவத் தூக்கிட்டு வெளிய வாரோம், ஒருத்தர் தெருவுல இறங்கல. அங்கனயே நின்னு பாக்கானுவ. ஒரு பொம்பள கார்டால மூஞ்சிய மறைச்சிக்கிட்டு நிக்கா. ஒரு ஆளு செருப்பக் கழட்டி விட்டுட்டு வெறுங்கால்ல நிக்கான். ஜெராக்ஸ் கடைக்குள்ள எதுக்கு அண்ணாச்சி செருப்பக் கழட்டணும்? அது என்ன கோயிலா? எங்க அம்மா அந்த அழுகையிலயும் "உள்ள வாங்க"ன்னு கையக் காட்டுனா. அத்தனை பேரும் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. வண்டி தெருமுக்கு திரும்புத வரைக்கும் அப்படியே நின்னாங்க. வேடிக்கை பாக்கதுக்கும் ஒரு பொறுமை வேணும்ல.

சாயங்காலம் எஸ்தர் அக்கா வந்து எங்கிட்ட சொல்லுதா, "எல்லாரும் வந்துட்டாவ பாப்பா, ஒருத்தர் பாக்கியில்ல"ங்கா. இவளுக்கு என்ன, கோட்டி புடிச்சிட்டான்னு நெனச்சேன். ஒருத்தன் வாசப்படி ஏறல, எல்லாரும் வந்துட்டாங்களாம்.

என்ன சிரிக்கீங்க? சரி. நான் சொன்னேன். நான் சொன்னா வேற.

இப்போ நீங்க ஊரெல்லாம் சொல்லுத அடுத்த குத்தத்துக்கு வாரேன். போன தை மாசம் சங்கத்து ஆளுக எல்லாரும் சேந்து கிளினிக்குக்கு வந்தீங்க. கட்டடத்தக் காலி பண்ணணும், ஃபோன் ஷோரூமுக்கு விடப் போறோம், குடும்பஸ்தங்க நடமாடுத தெருவுல இது சரிப்படாதுன்னு. தலைவரு, பொருளாளரு, எல்லாருக்கும் முன்னால நீங்க. நான் மாடிப்படியில நின்னுக்கிட்டிருந்தேன். அப்பா எந்திரிச்சி வந்து உங்களையே பாத்து, "வணக்கம், நீங்க யாரு, தெரியலையே"ன்னு கேட்டாவ. அதத்தான இப்போ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கீங்க? "இத்தனை வருசமா வாடகை வாங்குத செயலாளரையே தெரியலையாம், எவ்வளவு தலைக்கனம் பாத்தியா"ன்னு. தலைவரு சிரிச்சாரு. பொருளாளரு, "டாக்டருக்கே வைத்தியம் பாக்கணும் போலயே"ன்னாரு. நீங்க தரையப் பாத்துக்கிட்டு நின்னீங்க.

எனக்கும் அது வெளங்கல, உண்மையச் சொல்லணும்லா. நேத்து வந்த ஆளா நீங்க? பஜார்ல உங்க கடையத் தாண்டாம எங்க வீட்டுக்கே வர முடியாது. அன்னைக்கு நான் கத்துனேன். எதுக்குப்பா அப்படிக் கேட்டீங்க, அவனுவ சிரிக்கதுக்கு எடம் குடுத்துட்டீங்களேன்னு. நான் கத்தி முடிச்ச பொறவு கைகால் கழுவப் போயிட்டாவ.

அதான் அண்ணாச்சி, வீட்டுல வாயே தொறக்க மாட்டாவ. ஊரையே பேச வச்சாவ, பெத்த பிள்ளைகிட்ட பேசத் தெரியல. அந்த வகையில எனக்கும் அவங்க மேல கோவம் உண்டு. அம்மாவுக்கு சாயல்குடிப் பக்கம் பள்ளிக்கூடத்துல வேலை, சனி ஞாயிறுதான் வருவா. அப்பா கிளினிக்க மூடிட்டு மாடி ஏறி வந்து, கைகால் கழுவிட்டு, என் ரூம் வாசல்ல நின்னு, "சாப்பிடுவோமாம்மா"ம்பாவ. அது ஒண்ணுதான். தெனமும் அது ஒண்ணுதான். நல்லா இருக்கியா, படிப்பு எப்படிப் போகுது, உனக்கு என்ன கவலை, ஒண்ணு கெடையாது. எனக்கு மூட் கோர்ட், அதான் காலேஜ்ல நடக்குத ஒத்திகைக் கோர்ட்டு, இருக்கும், ஃபோன்ல ஆளு இருக்கும். "நீங்க சாப்பிடுங்கப்பா"ன்னுருவேன். அவங்க பாட்டுக்கு ஹாட்பாக்ஸத் தொறந்து சாப்பிட்டுட்டு, தட்டக் கழுவிக் கவுத்திட்டு உக்காந்திருப்பாவ. இவ்வளவு படிச்ச மனுசனுக்கு வேற ஒரு கேள்வி கேக்கத் தெரியலையேன்னு எனக்கு...

என்ன சொன்னீங்க?

இல்ல, இப்போ. இப்போ சொன்னீங்க. "அவருக்கா கேக்கத் தெரியாது"ன்னீங்க. பொறவு என்ன? உக்காந்த ஒடனே அதத்தான் கேப்பாரா? எத? "நேத்து யாரு கூட உக்காந்து சாப்பிட்டீய"ன்னா?

எனக்கு இது தெரியாதே.

பொறந்ததுல இருந்து அந்த மாடியில இருக்கேன். அந்த ரூமுக்குள்ள அப்பா மொதல்ல என்ன கேப்பாவன்னு எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. எஸ்தர் அக்கா அந்தக் கதவோட சரி. உங்களுக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்?

யாரோ சொல்லிக் கேள்வியா? யாரு? பேரு சொல்லுங்க. பேரு வேண்டாம், ஆணா பொண்ணா? பஜார்லயா, டீக்கடையிலயா? "எங்கிட்ட கோட்டி டாக்டரு இப்படிக் கேட்டாரு"ன்னு நம்ம ஊர்ல எவன் உங்ககிட்ட வந்து சொல்லுவான்? கேள்விப்பட்ட சாட்சிய எந்தக் கோர்ட்டுலயும் எடுக்க மாட்டாங்க. நேர்ல உக்காந்தவன்தான் சொல்ல முடியும்.

துண்டால மூஞ்சியத் தொடைக்காதீங்க. என்னையப் பாருங்க.

இருங்க. இருங்க இருங்க.

அப்போ அன்னைக்கு... தை மாசம்... "நீங்க யாரு, தெரியலையே"ன்னு... அது உங்களுக்காகவா? நீங்க வைத்தியத்துக்கு வந்தது வெளிய தெரியப்பிடாதுன்னா?

அத்தனை பேரு சிரிக்கும்போது கம்முனு நின்னாவளே. நான் கத்தும்போது கம்முனு நின்னாவளே. ஒரு வார்த்தை. "அவரு நம்ம ஆளும்மா"ன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன மைக் வச்சி ஊருக்குச் சொல்லவா போறேன்?

நீங்க சொல்லியிருக்கலாமே. அவங்க சொல்லக்கூடாது, அது அவங்க தொழிலு. உங்களுக்கு என்ன? காலி பண்ண வேண்டாம்னு சங்கத்துல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? ஏன் சொன்னேன்னு காரணமா கேட்டிருப்பாங்க? சொல்லல. அதோட விட்டீங்களா? அந்த மனுசன் செத்த பொறவு, தலைக்கனம்னு நீங்களே சொல்லிக்கிட்டுத் திரியுதீங்க. எல்லார விடச் சத்தமா நீங்கதான் சொல்லுதீங்க.

மவளுக்கு மாப்பிள்ளை பாக்கீங்களா? சரி. பாருங்க. நல்ல எடமா அமையட்டும். அதுக்கும் கிளினிக்குக்கும் என்ன? அது அங்கன இருந்தா என்னைக்காவது எவனாவது பாத்துச் சொல்லிருவான்னு பயமா? கட்டடத்தையே இல்லாம ஆக்கிட்டா நீங்க அங்க போனதும் இல்லாம ஆயிருமா?

மடியில என்ன அந்தப் பை? துணிப்பைக்குள்ள மருந்துக்கடைக் கவரு. நீங்க ஏறும்போதே பாத்தேன், வேற என்னமோன்னு நெனச்சேன். இதுக்குத்தான் திருநேலிக்கு வந்தீங்களா? யாரும் தெரிஞ்ச ஆளு இல்லாத எடமாப் பாத்து. சந்தோசம். உங்களுக்கு பஸ் ஏறி வரத் தெம்பு இருக்கு, சரக்கு எடுக்க வந்தேன்னு சொல்ல ஒரு கடையும் இருக்கு. சைக்கிள் செயினப் புடிச்சிக்கிட்டு வந்தாரே அந்தப் பெரியவரு, அவரு எங்க போவாரு? ரேஷன் கார்டால மூஞ்சிய மூடிக்கிட்டு நின்னாளே, அவ மாமியாகிட்ட என்ன சொல்லிட்டுத் திருநேலிக்கு வருவா? ஜெராக்ஸ் எடுக்கன்னா? ஊசி மாசா மாசம் போடணும் அண்ணாச்சி. நின்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

நாங்க மாடியக் காலி பண்ணிக்கிடுதோம். அம்மாகூட சாயல்குடிக்குப் போயிருவோம். எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். கீழ இருக்க கிளினிக்க மட்டும் டாக்டர் பெனிட்டாவுக்குக் குடுங்க. அவங்க வாரத்துல சில நாளு வந்துட்டுப் போறேன்னு சொல்லுதாவ. அதே வாடகை. அதே கதவு. அவ்வளவுதான் நான் ஞாயித்துக்கிழமை கேக்கப் போறது. அதத்தான் கத்தாதங்கிறீங்க.

ஏன் பைய, மெதுவாப் பேசணும்? இத்தனை வருசம் எங்க அப்பா பையத்தான் பேசுனாவ. என்ன கெடச்சது? அடுக்குன நாற்காலி.

எந்திரிக்காதீங்க. ஊரு இன்னும் வரல. இங்கன இறங்கி நீங்க எங்க போவீங்க? உக்காருங்க.

அப்பா இருந்தா இப்போ என்னைய ஏசுவாவ. எனக்குத் தெரியும். "அவரு மவ கல்யாணக் காரியம்மா, விடும்மா"ம்பாவ. உங்களத்தான் பாப்பாவ, என்னையப் பாக்க மாட்டாவ. எப்பமும் அப்படித்தான். விட மாட்டேன் அண்ணாச்சி. எனக்கு ஒரு ஆளு வேணும். அந்த ஊர்ல ஒரே ஒரு ஆளு. ரேஷன் கார்ட மூஞ்சியில இருந்து எறக்கிட்டு, "ஆமா, எனக்கு இவரு வைத்தியம் பாத்தாரு"ன்னு சொல்லுத ஒரு ஆளு. தேடாமயே எதுத்த சீட்டுல வந்து உக்காந்துட்டீங்க. நான் எப்படி விட?

அத்தனை பேரு முன்னால எங்க அப்பா உங்களத் தெரியாதுன்னு சொன்னாவ. ஞாயித்துக்கிழமை அதே தலைவரு, அதே பொருளாளரு முன்னால நீங்க மைக்கப் புடிச்சி, டாக்டர் குற்றாலிங்கத்த எனக்குத் தெரியும்னு சொல்லணும். எப்படித் தெரியும்னும் சொல்லணும். எந்தக் கதவு வழியா வந்தேன்னும் சொல்லணும். சொன்ன பொறவு ஷோரூமா கிளினிக்கான்னு ஓட்டுக்கு விடுங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன்.

சொல்லுவீங்களா, மாட்டீங்களா?

எங்கிட்ட மெதுவா வேண்டாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் வேண்டாம், இப்பமே ஆகட்டும். கண்டக்டரு டிக்கெட்டக் கிழிக்காம நிக்காரு. அந்த அக்கா முழுசாத் திரும்பிட்டாவ. பின்னால பசங்க ஃபோன எறக்கிட்டானுவ. எல்லாரும் நம்ம ஊருக்குப் போறவங்கதான், எல்லாரும் உங்க கடையில குடம் வாங்குனவங்கதான். என்னையப் பாக்காதீங்க. அவங்களப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி, எங்க அப்பாவ உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?